மூன்று வேளையும் திருப்பிய சாவி

காரின் முன் சீட்டில் நான் முதன்முதலாக உட்கார்ந்தபோது எனக்கு அறுபத்தெட்டு வயது. அதுவும் ஸ்டியரிங் இருக்கிற பக்கம். என் மகன்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தான். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்றுதான் முதலில் பார்த்தேன்.

ராயபுரத்தில் எங்கள் தெரு அகலம் கிடையாது. ஒரு கார் நின்றால் பக்கத்தில் ஒரு மீன் கூடைக்காரி போகலாம், இரண்டு பேர் போக முடியாது. மாதா கோயில் மதிலை ஒட்டி அவன் காரை நிறுத்தியிருந்தான். வேறு யாரோ சில வருஷம் ஓட்டிவிட்டு விற்ற டீசல் கார். வெள்ளை நிறம்.

என் மகன் சரக்குக் கப்பலில் என்ஜின் ரூமில் வேலை செய்கிறவன். போனால் ஒன்பது மாதம். அவன் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். அவர் இறந்தபோது இவன் நடுக்கடலில் இருந்தான். வந்து சேரப் பதினோரு நாள் ஆனது. கல்லறை மேல் போட்ட மாலையெல்லாம் சருகாகிவிட்டது. அந்தச் சருகைக் கையால் ஒதுக்கிக்கொண்டே சொன்னான், "உனுக்கு இந்த மாதிரி ஆவக்கூடாதும்மா. இன்னும் ஒரே ஒரு கப்பல் போய்ட்டு வந்துடறேன். அப்பறம் கரையிலயே இருந்துக்கறேன்." கரையில் இருந்து பிழைப்பதற்குத்தான் அந்தக் கார். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஆட்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவர மாத வாடகைக்குக் கார் வைத்துக்கொள்கிறார்கள். அங்கே வேலை செய்த அவன் சிநேகிதன், நீ கப்பலிலிருந்து திரும்புகிற மாதம் உனக்கு இடம் காலியாகும் என்று வாக்குக் கொடுத்திருந்தான். ஆகக் கார் நன்றாக இருந்தால் என் மகன் என்னோடு இருப்பான். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

கப்பல் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் என்னை அந்தச் சீட்டில் உட்கார வைத்தான்.

"மொதல்ல இந்த கியர ஆட்டிப் பாரு. லூசா ஆடணும். ஹேண்ட் பிரேக் மேல இருக்கணும். அப்பறம் இடது காலால கிளச்ச முழுசா அமுக்கு."

"எட்டலியே நைனா."

கீழே குனிந்து எதையோ இழுத்து, என்னைச் சீட்டோடு முன்னால் தள்ளினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத, கவனி. சாவிய ஒரு திருப்பு. ஒண்ணுதான். அங்க சுருளு மாதிரி மஞ்சளா ஒரு லைட்டு எரியுது பாரு, அது அணையற வரைக்கும் கைய வச்சிக்கினு சும்மா இரு. சும்மா இருக்க முடியலன்னா ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிக்க. அது அணைஞ்சதும் இன்னொரு திருப்பு. ஆக்சிலேட்டர்ல கால் வைக்கவே கூடாது. அதுவா எழுந்துக்கும்."

அதுவா எழுந்துகொண்டது. முதலில் கரகரவென்று உடம்பு முழுக்க ஆட்டியது, பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்ட ஆள் மாதிரி சீரானது.

"எதுக்கு நைனா இம்மாம் பதவிசு?"

"வண்டி நின்னுக்கினு இருக்கும்போது ஆயில் மொத்தமும் கீழ எறங்கிடும்மா. மேல இருக்கற இரும்பு காஞ்சி கெடக்கும். ஸ்டார்ட் பண்ணா அது திரும்ப மேல ஏறி எல்லா எடத்துக்கும் போய்ச் சேரணும். அதுக்குள்ள மிதிச்சின்னா இரும்ப இரும்பு தின்னும். ஓடித் தேயறத வுட ஸ்டார்ட் ஆவறப்ப தேயறதுதான் ஜாஸ்தி. கப்பல்ல மொதல்ல ஆயில பம்ப் பண்ணி உள்ள சுத்த வுட்டுட்டுத்தான் நாங்க என்ஜினையே எழுப்புவோம்."

பிறகு அவன் சொன்னது: "வாரத்துக்கு ஒரு வாட்டி போதும். ஞாயித்துக்கெழம பூசைக்கிப் போய்ட்டு வந்து ஸ்டார்ட் பண்ணு. ஆனா ஒரே மூச்சா அர மணி நேரம் ஓடணும். இந்த முள்ளு மேல ஏறி நடுவுக்கு வர்ற வரைக்கும் அணைக்காத. சூடாவறதுக்குள்ள அணைச்சின்னா அதுக்கு ஸ்டார்ட்டே பண்ணாம இருந்துருக்கலாம்."

இதையும் அவன் சொன்னான். சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நான் தலையாட்டியதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் என் கண்ணெல்லாம் அந்த மஞ்சள் சுருளில் இருந்தது. அது அணைவதைத் தவறவிட்டுவிடுவேனோ என்பதுதான் அப்போது என் பயம். எண்ணெய் பார்க்கிற குச்சியை உருவிக் காட்டினான். குச்சியில் இரண்டு கோடு. "கீழ் கோட்டுக்குக் கொறஞ்சா மட்டும் சொல்லு" என்றான்.

முதல் சில ஞாயிற்றுக்கிழமைகள் அவன் சொன்னபடியே செய்தேன். பூசை முடிந்ததும் வீட்டுக்கு வந்து, நல்ல புடவையை மாற்றாமலே போய் உட்காருவேன். ஸ்டியரிங் பக்கத்துக் கதவு தெருவைப் பார்த்து இருந்தது. ஆம்பிளைகள் போய்வருகிற பக்கம் கதவைத் திறந்து ஏற எனக்குக் கூசியது. அதனால் மதில் பக்கம் ஒடுங்கிப்போய், அந்தக் கதவைப் பாதி திறந்து நுழைந்து, கியரைத் தாண்டி நகர்ந்து உட்காருவேன். இந்த வயதில் அது சுலபமில்லை. ஆனால் கூச்சத்தைவிட முட்டிவலி எனக்குப் பெரிதாகத் தெரிந்ததில்லை.

அரை மணி நேரம் என்பது ரொம்ப நீளம். எங்கேயும் போகாத காரில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தால் தெருவுக்கு வேறு என்ன வேடிக்கை வேண்டும். மூலையில் நிற்கும் ஷேர் ஆட்டோக்காரர் ஒருநாள் கண்ணாடியைத் தட்டினார்.

"ஆயா, திர்வொத்தியூர் தேரடி ஒரு டிக்கெட். போவியா?"

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

"இன்னும் ஆளு சேரலன்னு வெய்ட் பண்றியா? எனுக்குப் போட்டியாவே வந்துட்ட பாரு" என்று சிரித்துக்கொண்டே போனார். நல்ல மனுஷர்தான். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்காரும்போது எனக்கு முதுகில் வேர்த்தது.

அதற்கப்புறம்தான் பின்வீட்டுப் பெண் வந்தாள். காரின் பின்பக்கம், புகை வருகிற குழாய்க்கு நேராக அவள் வீட்டு ஜன்னல். மீன்பிடித் துறைமுகத்தில் இறால் உரிக்கப் போகிறவள். இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள்.

"இன்னா ஆயா, வண்டி எங்கியும் போவாம ஒறுமிக்கினே கீது. பொக மொத்தமும் ஜன்னல் வயியா வூட்டுக்குள்ள வர்து. கொயந்தக்கி ரெண்டு நாளா ஒரே இருமல்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உடனே குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிட ஆரம்பித்துவிட்டாள். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் மெயின் ரோட்டில் நாள் முழுக்க உறுமிக்கொண்டு நிற்கின்றன. அந்தப் புகையைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் லாரிக்காரர்களை அவளுக்குத் தெரியாது, என்னைத் தெரியும். "சரிம்மா" என்றேன். என் வாயிலிருந்து எப்போதும் வருகிற வார்த்தை அதுதான். கோயில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நிற்கச் சொன்னபோதும் அதைத்தான் சொன்னேன்.

அன்றைக்கு முழுக்க யோசித்தேன். அரை மணி நேரம் ஓட்டினால் குழந்தைக்கு இருமல். ஓட்டாவிட்டால் வண்டி கெட்டுவிடும். என் மாமியார் படுக்கையில் கிடந்த நாலு வருஷமும் அவருக்குக் கஞ்சி ஊட்டியவள் நான். ஒரே வேளையில் ஒரு கிண்ணம் கொடுத்தால் வாந்தி எடுப்பார். மூன்று வேளையாகப் பிரித்து நாலு நாலு கரண்டி கொடுத்தால் உள்ளே நிற்கும். அந்த நினைப்பில் இருக்கும்போதே ஆறு மணிக்குக் கோயிலில் திரிகால மணி அடித்தது. காலையில் ஒன்று, நடுப்பகலில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மூன்று வேளை. எனக்கு யாரோ பதில் சொன்ன மாதிரி இருந்தது.

மறுநாள் காலை மணி அடித்ததும் போய் உட்கார்ந்தேன். சுருள் விளக்கு அணையும்வரை ஒரு மங்கள வார்த்தை ஜெபம். ஸ்டார்ட். திரிகால ஜெபம் சொல்லி முடிக்க மூன்று, நான்கு நிமிஷம் ஆகும். முடித்ததும் அணைத்துவிடுவேன். பின்வீட்டில் யாரும் இருமுவதற்கு முன்னாலேயே புகை கலைந்துவிடும். தெருவில் யாரும் என்னைக் கவனிப்பதற்குள் நான் வீட்டுக்குள் வந்துவிடுவேன். நடுப்பகலில் சீட்டு தோசைக்கல்லாகச் சுடும், அதற்கு ஒரு பழைய லுங்கியை மடித்துப் போட்டுக்கொண்டேன். மழை பெய்த நாளிலும் விடவில்லை. காய்ச்சலில் கிடந்த மூன்று நாள் மட்டும் விட்டுப்போயிற்று, அதற்காகச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிற அளவுக்கு மனசு அடித்துக்கொண்டது.

இன்னொன்றையும் எழுத வேண்டும். எனக்கு அது பிடித்துப்போனது. காருக்குள் அவன் சட்டை வாசனை கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவன் எங்கேயோ ஒரு என்ஜின் பக்கத்தில் நிற்கிறான், நானும் இங்கே ஒரு என்ஜின் பக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். வாரத்துக்கு ஒருமுறை என்றால் அது போதாது. மூன்று வேளை என்பது எனக்கு வசதியாக இருந்தது. குழந்தையின் இருமல் ஒரு காரணம்தான்.

கப்பலில் அவனுக்கு வாரத்துக்கு ஒரு தடவை போன் கிடைக்கும். எடுத்ததும் முதல் கேள்வி அதுதான்.

"ஸ்டார்ட் பண்ணியாம்மா?"

"பண்ணேன் நைனா."

"லைட்டு அணைஞ்சப்பறம்தானே?"

"அணைஞ்சப்பறம்தான்."

"ஆயில் கொறஞ்சிதா?"

"கொறையல."

"அப்பிடிப் போடு" என்பான். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவன் எத்தனை தடவை என்று கேட்கவில்லை. நானாகச் சொல்லலாம்தான். ஆனால் பின்வீட்டுக்காரி வந்ததைச் சொன்னால் அங்கிருந்து கவலைப்படுவான், சண்டைக்கு யாரையாவது அனுப்புவான் என்று விட்டுவிட்டேன்.

எண்ணெய் குறையவில்லை என்பது நிஜம். ஏறியிருந்தது. ஏழாவது மாதம் குச்சியை உருவிப் பார்த்தபோது மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அளவு நின்றது. துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தேன். அதே அளவு. எனக்கு உள்ளுக்குள் கர்வம். மற்றவர்கள் வண்டியில் எண்ணெய் குறையும், நாம் பார்த்துக்கொள்கிற வண்டியில் பெருகுகிறது, இது ஆசீர்வாதம் என்று நினைத்தேன். குறைந்தால் சொல்லு என்றுதான் அவன் சொல்லியிருந்தான். கூடினால் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கடைசி மாதத்தில் சாவியைத் திருப்பினால் கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் எழுந்தது. எனக்கும்தான் காலையில் எழுந்திருக்க நேரமாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் வந்த அன்று காலை, பெட்டியை வீட்டுக்குள் வைத்த கையோடு சாவியைக் கேட்டான். ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கல்யாணப் பெண்ணைக் கூட்டிவந்து காட்டுகிற மாதிரி பின்னாலேயே போனேன். காரைப் பழைய லுங்கியால் முந்தின நாளே துடைத்து வைத்திருந்தேன். உப்புக்காற்றில் ஒரு பொட்டுத் துரு கூட ஏறவிடவில்லை.

"ஷோக்கா வச்சிருக்கியேம்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்தான். திருப்பினான். வண்டி எழுந்தது. அவன் தலையைச் சாய்த்து, நெஞ்சுச் சத்தம் கேட்கிற டாக்டர் மாதிரி கேட்டான். பத்து எண்ணுவதற்குள் அணைத்துவிட்டான்.

எனக்கு அந்தச் சத்தம் வழக்கமான சத்தமாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளாகவே உள்ளே யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு டக்டக் இருந்தது. தினமும் கேட்டதால் எனக்கு அது பழகிவிட்டிருந்தது.

பானெட்டைத் திறந்து குச்சியை உருவினான். எண்ணெயை இரண்டு விரலில் தேய்த்தான். மூக்கில் வைத்து மோந்தான். அப்புறம் குச்சியைத் திரும்பச் செருகாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"யாராச்சும் வண்டிய எடுத்தாங்களாம்மா?"

"யாரும் தொடலியே நைனா."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. காலடிப்பேட்டையில் இருக்கிற அவனுக்குத் தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் செய்தான். அவர் பைக்கில் வந்தார். காருக்குக் கீழே படுத்து, ஒரு பழைய பேசினை வைத்து எண்ணெயை இறக்கினார். எண்ணெய் என்றால் கெட்டியாக, சோம்பேறித்தனமாக இறங்கும் என்று நினைத்திருந்தேன். அது டீத் தண்ணி மாதிரி சளசளவென்று கொட்டியது. தெரு முழுக்க டீசல் நாற்றம்.

"இது ஆயிலே இல்ல மாமு" என்றார் மெக்கானிக் கீழே இருந்தபடியே. "பாதி டீசலு. எவனோ இத்த சும்மா சும்மா ஸ்டார்ட் பண்றதும் அணைக்கிறதுமா இருந்துருக்கான். சூடே ஆவல வண்டி. எரியாத டீசலு மொத்தமும் சைடுல எறங்கி ஆயில்ல கலந்துகிச்சி. தண்ணி ஆயில்ல எத்தினி நாளு ஓடும்? உள்ள பேரிங் காலி. சத்தம் கேட்டல்ல?"

"யாரும் எடுக்கலன்றாங்க."

"எடுக்கத் தேவல. நின்ன எடத்துலயே பண்ணிருக்கான். ஒரு வாட்டி ரெண்டு வாட்டி இல்ல, நூறு எரநூறு வாட்டி."

நான் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தேன். மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். நூறும் இல்லை, இருநூறும் இல்லை, அறுநூறைத் தாண்டியது. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்வீட்டு ஜன்னலிலிருந்து அந்தப் பெண் சொன்னாள், என்னைப் புகழ்கிற மாதிரிதான் சொன்னாள்.

"எவனும் இல்லண்ணே, ஆயாதான். மூணு வேளையும் கோயில் மணி அடிச்சா வந்து குந்திக்கும். ஜெபம் முடிஞ்சா அணைச்சிட்டுப் பூடும். ஒரு நாளு தவறாது. நம்மளால எல்லாம் ஆவாதுப்பா."

மெக்கானிக் கீழேயிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி என்னைப் பார்த்தார். நிலைமையை லேசாக்க நினைத்தார் போலிருக்கிறது.

"இன்னா ஆயா, சோறுன்னா மூணு வேள போடலாம். இதுக்கும் மூணு வேள போட்டா செரிக்குமா?"

"வுடு மாமு" என்றான் என் மகன்.

"பொக வர்துன்னாங்க நைனா" என்றேன். "கொயந்த இருமிச்சி. அதான் கொஞ்சம் கொஞ்சமா..."

பின்வீட்டுப் பெண் ஜன்னலை விட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "அடப்பாவமே, நா அன்னிக்கி ஒரு நாளு சொன்னதுக்கா ஆயா? இன்ன நாளு இன்ன மணிக்கி வண்டி ஓடணும்னு ஒரு வார்த்த சொல்லிருந்தின்னா ஜன்னல சாத்திக்கினு இருந்துருப்பேனே. ஞாயித்துக்கெழம ஒரு அர மணி நேரம் சாத்தறதுல எனுக்கு இன்னா வந்துச்சி?"

ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாகத்தான் நான் மாதக்கணக்கில் மதிலை ஒட்டி நுழைந்து கியரைத் தாண்டி உட்கார்ந்தேன்.

என் மகன் என்னைத் திட்டவில்லை. குச்சியைத் துடைத்து அதன் இடத்தில் செருகினான். பானெட்டை மெதுவாக மூடினான். "காபி போடும்மா, இவருக்கும் சேத்து" என்றான். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். வெளியே அவர்கள் பேசுவது கேட்டது. என்ஜினை மொத்தமாக இறக்கிப் பிரிக்க வேண்டும், உள்ளே இருக்கிற பாதியை மாற்ற வேண்டும், அதற்குக் கையில் இருக்கிற பணம் போதாது, சாமான் கிடைத்து வேலை முடிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும். எண்ணூர்க் கம்பெனிக்கு முதல் தேதியே வண்டி வேண்டும். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அதுகூட எனக்குத் தெரியவில்லை, அவன் உள்ளே வந்து கேஸை மூடினான்.

இரண்டு நாள் எண்ணூருக்கு அலைந்தான். சிநேகிதனும் என்ன செய்வான், முதல் தேதி வேறு ஒருவர் காரை வைத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த வாரம், மாடிப்படியில் உட்கார்ந்து கப்பலுக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்டிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். "எந்தக் கப்பலா இருந்தாலும் சரிங்க" என்றது என் காதில் விழுந்தது. என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

அவன் போகிற அன்று காலை என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தானோ என்னவோ. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. "ஜாக்கிரதையா போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னேன்.

"வண்டிய ஒண்ணும் பண்ணாதம்மா. பேட்டரி வயர கழட்டிட்டேன். அப்பிடியே கெடக்கட்டும். நா வந்து பாத்துக்கறேன்" என்றான். சாவியை அவன் எடுத்துப்போகவில்லை. அதே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனான். எடுத்துப்போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கார் மதில் ஓரத்தில் உறை போட்டு நிற்கிறது. பின்வீட்டுக் குழந்தை இப்போது நடக்கிறது, உறையைப் பிடித்துக்கொண்டு கார் நீளத்துக்கும் போய்த் திரும்பி வருகிறது. ஷேர் ஆட்டோக்காரர் என்னைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். அதை அவர் மரியாதையாகத்தான் செய்கிறார், எனக்குத்தான் தெருவில் நடக்கவே கூசுகிறது.

வாரத்துக்கு ஒரு தடவை போன் வருகிறது.

"சாப்டியாம்மா?"

"சாப்ட்டேன் நைனா."

"மாத்திர போட்டியா?"

"போட்டேன்."

அதற்கப்புறம் முன்பெல்லாம் வந்த கேள்வி வருவதில்லை. அவன் மறக்கவில்லை, கேட்காமல் இருக்கிறான். எனக்கு வலிக்கக்கூடாது என்று இருக்கலாம். ஆனால் அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம் என்பது இப்போதுதான் தெரிகிறது. இரண்டு பக்கமும் சத்தம் இல்லாமல் இருக்கும். தூரத்தில் அவன் கப்பலின் என்ஜின் மட்டும் கேட்கும்.

போன வாரம் அப்படி இருக்கும்போது நடுப்பகல் மணி அடித்துவிட்டது. அவனுக்கும் கேட்டிருக்கிறது.

"மணி அடிக்குதா?"

"ஆமா நைனா."

மணி முழுக்க அடித்து முடிகிற வரைக்கும் அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

"சரி. ஜெபம் சொல்லு. நா வச்சிடறேன்" என்றான்.

"சரிப்பா" என்றேன்.